கறையே, கறையே, நீ யார்?



உங்கள் வீட்டுக் குளியலறைக் குழாயைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வாங்கி மாட்டிய புதிதில் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்த குழாய்தான் அது. இப்போது வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடித்துக் கிடக்கிறதா? சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்கிறதா? குத்துவிளக்கு கறுத்துப் போயிருக்கிறதா? குளியலறைக் கண்ணாடியில் அக்காவும் அம்மாவும் ஒட்டி வைத்த ஸ்டிக்கர் பொட்டுகளின் பிசின் வட்ட வட்டமாக நிற்கிறதா?

பொங்கலோ தீபாவளியோ நெருங்கினால் போதும், வீட்டில் தேய்க்கும் படலம் தொடங்கிவிடும். அம்மா கம்பி நாரோடு உட்கார்ந்துவிடுவார். கை வலிக்கும், தோள் வலிக்கும். கறை மட்டும் "நான் போக மாட்டேன்" என்று அடம் பிடிக்கும்.

ஏன் அடம் பிடிக்கிறது தெரியுமா? ஒவ்வொரு கறையும் ஒவ்வொரு பொருள். எல்லாவற்றையும் ஒரே சோப்பால், ஒரே நாரால் விரட்ட முடியாது. எனவே தேய்க்கத் தொடங்குவதற்கு முன்னால் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

1. இந்தக் கறை எது?

2. அது எதன் மேல் இருக்கிறது?

3. நான் எடுத்த பொருளோடு வேறு எதையாவது கலக்கப் போகிறேனா?

முதல் கேள்வி உங்கள் கை வலியைக் குறைக்கும். இரண்டாவது கேள்வி வீட்டுப் பொருளைக் காப்பாற்றும். மூன்றாவது கேள்வி உயிரையே காப்பாற்றும். ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

குழாயில் வளரும் கல்

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. அதனால் அதற்கு மிக லேசான புளிப்புத் தன்மை வருகிறது. அந்தத் தண்ணீர் பாறைகளுக்கு இடையே நகரும்போது அங்குள்ள சுண்ணாம்புப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்து வருகிறது. இதைத்தான் பாடப் புத்தகத்தில் கடினநீர் என்று படிக்கிறீர்கள். வீட்டில் "போர் தண்ணீர், உப்புத் தண்ணீர்" என்று சொல்வார்கள்.

குழாயின் மேல் தெறித்த துளி காய்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடுகிறது. சுண்ணாம்பு போகுமா? அது அங்கேயே தங்கிவிடும். இப்படித் துளி மேல் துளியாகத் தினமும் சேர்ந்தால் வெள்ளைத் திட்டு உருவாகிறது. இதன் பெயர் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லும், கடற்கரைக் கிளிஞ்சலும், முட்டை ஓடும் பெரும்பாலும் இதே பொருள்தான். அப்படியென்றால் உங்கள் குழாயில் ஒட்டியிருப்பது கறை மட்டுமல்ல, ஒரு சின்னக் கல்!

கல்லுக்குச் சோப்புப் போட்டு என்ன பயன்? கல்லைக் கரைக்கப் புளிப்பு வேண்டும். எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம் இருக்கிறது. வினிகரில் அசிட்டிக் அமிலம் இருக்கிறது. இரண்டும் சுண்ணாம்பைக் கரைக்கக் கூடியவை.

நம்பிக்கை இல்லையா? இதோ ஒரு சோதனை. கண்ணாடி டம்ளரில் ஒரு முட்டையை வைத்து, அது மூழ்கும் வரை வினிகர் ஊற்றுங்கள். முட்டையைச் சுற்றிலும் குமிழ்கள் வரும். அது கார்பன் டை ஆக்சைடு. ஓரிரு நாளில் ஓடு முழுக்கக் கரைந்து, மெல்லிய தோலோடு முட்டை கொழகொழவென்று நிற்கும். அந்த முட்டையைச் சாப்பிட வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள்.

இனி குழாய்க்கு வருவோம். ஒரு துணியை வினிகரில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டுங்கள். அரை மணி நேரம் பொறுத்திருங்கள். பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்தாலே திட்டு உதிரும். நல்ல தண்ணீரில் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். ஷவரின் துளைகள் அடைத்துக்கொண்டால், ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி, ஷவரின் முகம் அதில் மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டிவிடலாம். வினிகர் இல்லாவிட்டால் பிழிந்து முடித்த எலுமிச்சை மூடியே போதும்.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. குளித்து முடித்ததும் குழாயை ஒரு துணியால் துடைத்துவிட்டு வாருங்கள். துளி இல்லையென்றால் கல்லும் இல்லை.

விளக்குக்கு ஏன் புளி?

குத்துவிளக்கு பெரும்பாலும் பித்தளையால் ஆனது. செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவைதான் பித்தளை. அதிலுள்ள செம்பு, காற்றோடு சேரும்போது கறுத்துப்போகும். ஈரமும் சேர்ந்தால் பச்சை நிறத்தில் படியும். அதைத்தான் பெரியவர்கள் களிம்பு என்பார்கள்.

களிம்பையும் புளிப்பு கரைக்கும். புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. கூடவே கொஞ்சம் உப்பும் சேர்த்தால் வேலை இன்னும் வேகமாக நடக்கும். புளியையும் உப்பையும் பிசைந்து பூசி, சில நிமிடம் விட்டுத் தேய்த்தால் விளக்கு தங்கம் போல மின்னும். ஆனால் மணிக்கணக்கில் ஊறவிடக் கூடாது. அப்படி விட்டால் விளக்கில் சிவந்த திட்டுகள் தோன்றும். தேய்த்த பிறகு நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து வைக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் களிம்பு மறுபடியும் வந்துவிடும்.

இங்கே ஒரு சிந்தனைக் கேள்வி. புளி பித்தளையின் களிம்பைக் கரைக்கிறது என்றால், புளிக் குழம்பைப் பித்தளைப் பாத்திரத்தில் வைத்தால் என்ன ஆகும்? செம்பு குழம்பில் இறங்கிவிடும்; உடம்புக்குக் கேடு. அதனால்தான் அந்தக் காலத்தில் பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் ஈயம் பூசினார்கள். அது வெள்ளீயம், நஞ்சான காரீயம் அல்ல. ஈயம் பூசுபவர் தெருவுக்கு வந்த கதையை உங்கள் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். ரசித்துச் சொல்வார்கள்.

இன்னொன்று. எல்லாக் களிம்பையும் புளி போட்டுத் தேய்த்துவிடக் கூடாது. சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் பல நூறு ஆண்டுகள் பழமையான வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. மண்ணுக்குள் புதைந்து கிடந்த சிலைகளைக் களிம்பு அரித்துக்கொண்டே போகும். அவற்றைக் காப்பாற்ற 1930-ஆம் ஆண்டு அங்கே ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. எஸ். பரமசிவன் என்ற அறிவியலாளர், சிலைகளில் மின்சாரத்தைச் செலுத்திக் களிம்பை நீக்கும் முறையை அங்கே கையாண்டார். நார் போட்டுத் தேய்த்திருந்தால் சிலையின் நுண்ணிய வேலைப்பாடும் சேர்ந்து தேய்ந்திருக்கும் அல்லவா? வீட்டில் மிகப் பழைய சிலையோ நாணயமோ இருந்தால் நீங்களும் தேய்க்காதீர்கள்.

எண்ணெய்க்கு எதிரி யார்?

எக்ஸாஸ்ட் ஃபேனில் இருப்பது எண்ணெய்ப் பிசுக்கு. தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் எண்ணெய் நுண் துளிகளாக மேலே எழும்புகிறது. அது இறக்கையில் படிந்து, சூட்டிலும் காற்றிலும் இறுகிப் பசை போல ஆகிவிடுகிறது. அதன் மேல் தூசியும் ஒட்டிக்கொள்கிறது.

இதற்கு வெறும் தண்ணீர் ஊற்றினால் வழிந்து ஓடிவிடும். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பது உங்களுக்கே தெரியும். இங்கேதான் சோப்பு வருகிறது. சோப்பின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு முனைகள். ஒரு முனை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மறுமுனை எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். சண்டை போட்ட இரண்டு நண்பர்களின் கைகளை நடுவில் நிற்கும் மூன்றாவது நண்பன் பிடித்து இழுத்து வருவது போல, எண்ணெயைத் தண்ணீரோடு சோப்பு இழுத்துச் செல்கிறது.

பிசுக்கு மிக அதிகமாக இருந்தால் வெந்நீரில் கொஞ்சம் சலவை சோடா கலந்து துடைக்கலாம். சலவை சோடா காரத்தன்மை உள்ளது. காரம் எண்ணெயோடு சேர்ந்தால் எண்ணெயில் ஒரு பகுதியே சோப்பாக மாறிவிடும்! விறகுச் சாம்பலிலும் இதே போன்ற காரம் உண்டு. பாட்டிமார்கள் சாம்பலையும் தேங்காய் நாரையும் வைத்துப் பாத்திரம் தேய்த்தார்களே, அதன் இரகசியம் இதுதான்.

கவனம்! ஃபேனைச் சுத்தம் செய்யும் முன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அதைக் கழற்றுவதும், ஸ்டூலில் ஏறுவதும் பெரியவர்களின் வேலை. கழற்றிக் கொடுத்த மூடியையும் வலையையும் கழுவித் தருவது உங்கள் வேலை. சலவை சோடா கலந்த தண்ணீர் தோலை எரிக்கும் என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பொட்டுப் பிசின்

கண்ணாடியில் உள்ள பொட்டுப் பிசினும், பீரோவில் நீங்கள் ஒட்டிய கிரிக்கெட் வீரர் ஸ்டிக்கரின் பிசினும் சோப்புக்கு எளிதில் அசையாது. நகத்தால் சுரண்டுவோம், நகம்தான் வலிக்கும்.

பலாப்பழம் உரிக்கும்போது அம்மா கையில் என்ன தடவிக்கொள்வார்? எண்ணெய்! பலாப் பிசின் எண்ணெயில் இளகிவிடும். அதே தந்திரம் இங்கேயும் பலிக்கும். பிசின் மேல் தேங்காய் எண்ணெய் தடவி, கால் மணி நேரம் கழித்துத் துணியால் துடையுங்கள். பிசின் உருண்டு வந்துவிடும். மிஞ்சிய எண்ணெயைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடலாம். எண்ணெயை விரட்டத்தான் நமக்கு ஏற்கெனவே வழி தெரியுமே!

பால் அடிப்பிடித்த எவர்சில்வர் பாத்திரத்துக்குத் தேவை பொறுமை. தண்ணீர் ஊற்றி, இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடா போட்டு, பத்து நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிடச் சொல்லுங்கள். தீய்ந்தது ஊறி இளகிவிடும். பிறகு மரக் கரண்டியால் தள்ளினாலே பெயர்ந்து வரும்.

எதன் மேல் இருக்கிறது?

இப்போது இரண்டாவது கேள்வி. "எலுமிச்சை நல்லது என்று சொன்னீர்களே, டீச்சர்! தரைக்கும் போடலாமா?" என்று உங்களில் ஒருவர் கேட்பது என் காதில் விழுகிறது.

பளிங்குத் தரைக்குப் போடவே கூடாது. ஏனென்றால் பளிங்குக் கல்லும் கால்சியம் கார்பனேட்தான்! குழாயின் கல்லைக் கரைக்கும் புளிப்பு, தரையின் கல்லையும் கரைக்கும். பளபளப்புப் போய் மங்கிய திட்டு விழுந்துவிடும். பளிங்குச் சில்லுகள் பதித்த மொசைக் தரைக்கும் இதே கதிதான். அங்கே சாதாரண சோப்புத் தண்ணீரே போதும்.

ஆக்ராவின் தாஜ்மகால் வெள்ளைப் பளிங்கால் கட்டப்பட்டது. தூசியாலும் புகையாலும் அது மஞ்சள் படிந்தபோது, இந்தியத் தொல்லியல் துறையினர் என்ன செய்தார்கள் தெரியுமா? அமிலம் எதையும் ஊற்றவில்லை. முகத்துக்குப் பூசும் முல்தானி மிட்டி போன்ற களிமண்ணைக் குழைத்துச் சுவரில் பூசினார்கள். மண், அழுக்கை உறிஞ்சிக்கொண்டது. பிறகு சுத்தமான நீரால் கழுவினார்கள். 1994-ஆம் ஆண்டு முதல் பலமுறை இப்படிச் செய்திருக்கிறார்கள். உலக அதிசயத்துக்கே மண் குளியல்!

வேறு சில பரப்புகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

* குழாயின் பளபளப்பு, மேலே உள்ள மெல்லிய குரோமியம் பூச்சு. கம்பி நாரால் தேய்த்தால் கறையோடு பூச்சும் போய்விடும்.

* அலுமினியப் பாத்திரத்துக்குச் சலவை சோடா ஆகாது. கறுத்து, அரித்துப்போகும். புளியை ஊறவைப்பதும் கூடாது.

* நான்ஸ்டிக் தவாவுக்கு மெல்லிய பஞ்சு மட்டுமே. கீறல் விழுந்தால் பூச்சு உரியும்.

* டி.வி., கம்ப்யூட்டர் திரைகளை அணைத்துவிட்டு, உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். நேரடியாக எதையும் தெளிக்க வேண்டாம்.

புதிய பொருள் எதுவானாலும் முதலில் யாருக்கும் தெரியாத ஒரு மூலையில் சிறிது தடவிப் பாருங்கள். நிறம் மாறவில்லை என்றால் மற்ற இடத்தில் பயன்படுத்தலாம்.

கலக்கக் கூடாத கலவை

குழந்தைகளே, இதுவரை படித்ததை நீங்கள் மறந்தாலும் பரவாயில்லை. இனி வருவதை மறக்கக் கூடாது.

பல வீடுகளில் குளியலறைப் பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். கழிவறைக்கு ஆசிட் ஊற்றுவார்கள். கடையில் வாங்கும் கழிவறை சுத்திகரிப்புத் திரவங்கள் பலவற்றிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. "இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரண்டு மடங்கு சுத்தமாகும்" என்று சிலர் நினைக்கிறார்கள். அது பேராபத்து.

பிளீச்சிங் பவுடரில் அமிலம் பட்டால் குளோரின் வாயு வெளியேறும். அது நச்சு வாயு. 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22 அன்று, முதல் உலகப் போரில், பெல்ஜியம் நாட்டின் ஈப்ர என்ற ஊருக்கு அருகே ஜெர்மானியப் படை எதிரிகள் மீது ஏவியது இதே வாயுவைத்தான். போர்க்களத்தில் ஆளைக் கொன்ற வாயு, கதவு மூடிய சின்னக் குளியலறைக்குள் உருவானால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கண் எரியும், இருமல் வரும், மூச்சு முட்டும். குளோரின் காற்றைவிடக் கனமானது. அதனால் அது தரையை ஒட்டியே தேங்கும். குனிந்து உட்கார்ந்து தேய்ப்பவருக்கும், உயரம் குறைந்த குழந்தைக்கும்தான் ஆபத்து அதிகம்.

வினிகரும் எலுமிச்சையும் கூட அமிலங்கள்தான். அவற்றையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது. அம்மோனியா உள்ள திரவங்களையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது.

எனவே இந்தச் சட்டங்களை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

* ஆசிட், பிளீச்சிங் பவுடர் இரண்டையும் பிள்ளைகள் தொடவே கூடாது.

* பெரியவர்கள் பயன்படுத்தினாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். கதவும் ஜன்னலும் திறந்திருக்க வேண்டும்.

* காலியான தண்ணீர் பாட்டிலிலோ, கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஆசிட்டை ஊற்றி வைக்கக் கூடாது. தாகத்தோடு வரும் தம்பிக்கு அது தண்ணீராகத்தான் தெரியும்.

* காட்டமான நெடி வந்தால் "என்ன அது?" என்று எட்டிப் பார்க்காதீர்கள். உடனே வெளியே வந்து பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.

* கண்ணிலோ தோலிலோ தெறித்தால் குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு டாக்டரிடம் போக வேண்டும்.

* யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்து, அந்தப் பாட்டிலையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

ஆபத்தில்லாத, ஆனால் வீணான கலவை ஒன்றும் உண்டு. வினிகரோடு ஆப்ப சோடாவைக் கலந்தால் நுரை பொங்கும். வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகுதான். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துவிடுவதால், கறையைக் கரைக்கும் சக்தி இரண்டுக்குமே குறைந்துவிடுகிறது. தனித்தனியாகப் பயன்படுத்தினால்தான் பலன்.

ஞாயிற்றுக்கிழமை வேலை

ஒரு நோட்டை எடுத்து மூன்று கட்டங்கள் போடுங்கள். முதல் கட்டத்தில் உங்கள் வீட்டில் நீங்கள் பார்த்த கறை. இரண்டாவதில் அது இருக்கும் இடம். மூன்றாவதில் அதற்கு ஏற்ற பொருள். ஐந்து கறைகளையாவது கண்டுபிடித்து எழுதுங்கள்.

பிறகு அவற்றில் ஒன்றை மட்டும் நீங்களே சுத்தம் செய்யுங்கள். குழாயோ, கண்ணாடியோ, எதுவானாலும் சரி. அண்ணன், தம்பிமார்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்! வீட்டை அழுக்காக்குவதில் எல்லோருக்கும் பங்கு இருக்கும்போது, தேய்க்கும் வேலை மட்டும் அம்மாவுக்கோ, வேலைக்கு வரும் அக்காவுக்கோ எப்படிச் சொந்தமாகும்?

அப்படியே உங்கள் குளியலறை அலமாரியில் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் கையால் தொடாமல் அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லி, இன்றைக்கே பிரித்து, கைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். மற்றக் கறைகள் ஞாயிறு வரை காத்திருக்கலாம். இந்த வேலை மட்டும் காத்திருக்கக் கூடாது!